பத்து அறுக்குளாவும் ஒரு நண்டும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. சும்மா சொன்னால் நம்ப மாட்டீர்கள் என்பதால், கண்டக்குழி செய்னுலாப்தீன் நானாவின் தேத்தண்ணிக் கடை வாங்கின் மேல் சத்தியம் செய்தே சொல்கிறேன். அந்தக் கடையைப் பூட்டி முப்பத்தைந்து வருடமாகிறது. வாங்கும் இல்லை. ஆனாலும் அதில் உட்கார்ந்து எழும்பியவர்களில் நானும் ஒருவன் என்பதால் சத்தியம் செல்லும்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, செய்னுலாப்தீனின் மகள் ஃபஹ்மியாவின் வீட்டு விறாந்தையில், மீன் லொறி முதலாளி ஹயாத்து முகம்மது அளவு நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இந்தப் படத்தை என்ட லொறியில ஏத்த ஏலா."

"ஏன் மாமா? நீளம் கூடவா?"

"நீளம் சரி. அகலமும் சரி. மூலையில இருக்கிறது ஆரு?"

"பேத்தை மீன்."

"பேத்தை என்டு எனக்கும் தெரியும் மகள். ஆரு என்டுதான் கேக்கிறன்."

"ஆருமில்ல மாமா. கற்பனை."

"கற்பனைக்கு என்ட கன்னம் எங்கால வந்த?"

ஃபஹ்மியா படத்தைப் பார்த்தாள். பிறகு ஹயாத்து முகம்மதுவின் கன்னங்களைப் பார்த்தாள். அந்த நிமிடம்வரை இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு எப்படிப் பார்த்தாலும் சம்பந்தம் தெரிந்தது.

ஃபஹ்மியாவுக்கு வயது நாற்பத்தொன்று. பிள்ளைகளின் கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைவது தொழில். அதற்கு மேலே தன் மனதுக்குப் பிடித்ததையும் வரைவாள். குடை பிடித்துக்கொண்டு பறக்கும் கழுதைகள், உப்பளத்தில் சப்பாத்துப் போட்டு நடக்கும் பூநாரைகள், இப்படி. அந்தப் படங்களில் சில ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலின் சுவரில் தொங்கி வெள்ளைக்காரர்களுக்கு விற்கும். சில கொழும்பில் அமானி என்ற பெண் நடத்தும் கலைக்கூடத்தில் விற்கும். ஒன்பது வருடமாக அங்கே அவளுடைய படங்களுக்குக் கிடைத்த இடம் கழிப்பறைக்குப் போகும் நடைபாதை. அவசரமாகப் போகிறவர்கள் பார்க்க மாட்டார்கள். திரும்பி வருகிறவர்கள் நிதானமாகப் பார்ப்பார்கள். அப்படித்தான் விற்றது.

இந்த முறை அமானி பெரிய மண்டபத்தையே தந்திருந்தாள். சனிக்கிழமை மாலை ஃபஹ்மியாவின் முதலாவது தனிக் கண்காட்சி. சின்னப் படங்கள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிட்டன. நடுச் சுவருக்கான பெரிய படம் ஆறடி நீளம், நாலடி உயரம். அது இருந்தால்தான் கண்காட்சி. அழைப்பிதழில் அச்சடித்திருப்பதும் அதுதான்.

படத்தில் இருப்பது களப்புத் தண்ணீரின் அடியில் ஒரு தேத்தண்ணிக் கடை. கண்ணாடி அலுமாரிக்குள் பணிஸ், றேடியோவிலிருந்து பாட்டுக்குப் பதிலாக நீர்க்குமிழி. நடுவில் சாரன் கட்டிய ஒரு பேய்க்கணவாய் எட்டுக் கையாலும் தேத்தண்ணி இழுத்து ஆற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேய்க்கணவாய் அவளுடைய வாப்பா. அதை அவள் மறைக்கவுமில்லை. கடையைப் பூட்டும்போது அவளுக்கு ஆறு வயது. ஞாபகத்தில் இருந்ததெல்லாம் வாப்பாவின் கைகள்தான். அவள் கை தட்டினால் தேத்தண்ணியை இன்னும் ஒரு முழம் உயர்த்தி இழுப்பார். எத்தனை தரம் கேட்டாலும் இழுப்பார். கதை கேட்டால் கதை சொல்வார், கப்பல் கேட்டால் சிகரெட் பெட்டியில் கப்பல் செய்து தருவார். அவளுக்கென்றால் வாப்பாவுக்கு எந்நேரமும் நேரம் இருந்தது. கடைக்கு வந்த ஆட்களின் முகங்கள்தான் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. ஆகவே வாங்குகளில் கடலில் கிடைத்ததையெல்லாம் உட்கார வைத்தாள். மௌத்தாகிப் பன்னிரண்டு வருடமான வாப்பாவின் கடையை ஊர் உலகம் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை.

"உங்க வாப்பாட கடையில, அலுமாரிக்குப் பக்கத்து மூலையில இருந்தது நான்," என்றார் ஹயாத்து முகம்மது. "தேத்தண்ணி சுணங்கினா இப்படித்தான் கன்னத்தை ஊதிக்கிட்டு இருப்பன். அதை ஞாபகம் வெச்சிருக்கிறாய். சந்தோசம். ஆனா, பேத்தையா மகள்? வலையில பட்டா ஏசி ஏசிக் கரையில எறியிற சாமான். காகமும் கொத்தாது. உயிருள்ளதை வரையலாமா கூடாதா என்டு ஹஸரத்துட்ட கேக்கிறது வேற கதை. நாப்பது வருசம் மீன் ஏவாரம் செஞ்ச மனிசன் நான். எனக்கு ஒரு விலை இல்லியா?"

அப்போது ஃபஹ்மியாவின் உம்மா சித்தி ஸுலைஹா தேத்தண்ணியோடு வந்தார். "சீனி போடவா?" என்று கேட்டார்.

"என்ன லாத்தா, எனக்கு ரெண்டு கரண்டி என்டு மறந்து பெய்த்தா?"

"மறக்கல்ல," என்று சொன்ன சித்தி ஸுலைஹா, அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு இரண்டு கரண்டி போட்டார்.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்டக்குழியில் பிள்ளைகள் ஒன்று இரண்டு படிக்குமுன் மீன் விலை வரிசையைப் படித்துவிடும். அடியில் பேத்தை. அதற்கு விலையே கிடையாது. அதற்கு மேலே காரல், சூடை. நடுவில் ஓரா, விளைமீன். அதற்கும் மேலே பாரை. எல்லாவற்றுக்கும் மேலே அறுக்குளா. கலியாணச் சாப்பாட்டில் மாப்பிள்ளையின் மாமாவுக்குச் சூடை போய்விட்டது என்பதற்காக மூன்று பரம்பரையாகக் கதைக்காமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. இது கொழும்புக் கலைக்கூடங்களுக்குத் தெரியாது. ஃபஹ்மியாவுக்குத் தெரியும். படம் வரையும்போது மறந்துவிட்டாள்.

"என்ன மீன் போடட்டும் மாமா?"

"பேராசை இல்ல. பாரை காணும்."

அது கெதியாகக் காயும் சாயம். பதினொன்றரை மணிக்கு ஹயாத்து முகம்மது பாரையாகிவிட்டார். கண்ணாடி பார்ப்பதைப்போல் படத்தைப் பார்த்துக் கன்னத்தைத் தடவிக்கொண்டு போனார்.

போனவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மூன்று மணிக்கு அல்பிரட் வந்தார். ஹயாத்து முகம்மதுவின் லொறிக்கு ஐஸ் போடுகிறவர். ஐஸ் இல்லாவிட்டால் லொறி ஊர்ச் சந்தியைத் தாண்டாது.

"தங்கச்சி, ஹயாத்து நானா பாரையாம் என்டு கேள்விப்பட்டன்."

"ஓம் அண்ணே."

"நல்லம். பாரைக்குப் பக்கத்தில ஒட்டிக்கொண்டு ஒரு சூடை இருக்கே, அது?"

"அது சும்மா ஒரு சூடை."

"சும்மா இருக்கிற சூடை எதுக்கு என்ட தொப்பியைப் போட்டிருக்கு?"

"தொப்பி எல்லாரும் போடுறதுதானே அண்ணே."

"இடப்பக்கம் சரிச்சு எல்லாரும் போடுறதில்ல. உங்கட வாப்பா தேத்தண்ணி தரக்குள்ள என்ட தொப்பியை நேராக்கி விடுவார். 'அல்பிரட், தலை எங்க போகுதோ தொப்பியும் அங்க போகட்டும்' என்பார். அவர் போன பிறகு ஒருத்தரும் நேராக்கல்ல."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேய்க்கணவாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். வாப்பா அப்படிச் சொல்வார் என்பது ஃபஹ்மியாவுக்கு அன்றுதான் தெரியும்.

"சரி, அது கிடக்கட்டும்," என்று அல்பிரட் கண்ணைத் துடைத்தார். "ஹயாத்து பாரை, நான் சூடை. இது ஆருட தீர்ப்பு?"

"என்ன மீன் வேணும் அண்ணே?"

"நான் ஒண்டும் கேக்கல்ல. உன்ட மனசுக்கு என்ன படுதோ அதைப் போடு. அறுக்குளா என்டு பட்டா அறுக்குளாவைப் போடு. வெள்ளிக்கிழமை ஐஸ் வரும். வராமலும் விடும். எல்லாம் ஆண்டவர்ட கையில."

அவள் மனதுக்கு அறுக்குளா என்று பட்டது.

ஐந்து மணிக்கு லொறி முதலாளி திரும்பி வந்தார். இந்தத் தடவை வாசலில் நின்றே கத்தினார்.

"ஐஸ் போடுறவன் அறுக்குளா, லொறி வெச்சிருக்கிறவன் பாரையா? ஐஸ் தானா நடந்து கொழும்புக்குப் போகுமா?"

மஃரிபுக்கு முன் அவரும் அறுக்குளாவானார். இரண்டு அறுக்குளாக்களில் தொப்பி போட்டது முக்கியமானதாகத் தெரிகிறது என்று அவர் சொன்னதால், அல்பிரட்டின் தொப்பியும் போனது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் இருந்தன.

புதன்கிழமை காலை ஜவ்பர் சேர் வந்தார். ஓய்வுபெற்ற அதிபர். கண்காட்சியில் படத்தின் கீழே ஒட்டுவதற்கு மூன்று மொழியிலும் விளக்கம் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டவர். ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் தலைப்பைத் தாண்டவில்லை.

"பிள்ளை, கண்ணாடி போட்டுக்கொண்டு பத்திரிகை வாசிக்கும் அந்த ஆமை..."

"கற்பனை, சேர்," என்றாள் ஃபஹ்மியா அவசரமாக.

"அந்தக் கடையில் பத்திரிகை வாசித்தது நான் ஒருவன்தான்."

"ஆமை நல்லதுதானே சேர். நீண்ட ஆயுசு. அறிவு கூடினது."

"சந்தையில விலை என்ன?"

"ஆமையை விக்கேலாது சேர். பிடிச்சா மறியல்ல போடுவாங்க."

"பார்த்தீர்களா? முப்பத்தாறு வருடம் படிப்பித்த மனிதன் சந்தைக்கே வர ஏலாத சாமான். லொறிக்காரனும் ஐஸ்காரனும் அறுக்குளா." சேர் பேனையின் மூடியைச் சத்தம் கேட்கும்படி மூடினார். "மூன்று மொழியிலும் ஒரு எழுத்துக்கூட எழுத மாட்டேன்."

சித்தி ஸுலைஹா தேத்தண்ணி கொண்டுவந்தார். "சேருக்குப் பால் போட்டதா, வெறுந் தேத்தண்ணியா?"

"அதே பழைய மாதிரித்தான்," என்றார் சேர்.

சித்தி ஸுலைஹா கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தார். சேர் இரண்டையும் குடித்தார்.

ஆமை அறுக்குளாவானது. கண்ணாடியும் பத்திரிகையும் போயின. அறுக்குளாவுக்குப் பத்திரிகை எதற்கு என்று ஹயாத்து முகம்மது ஆள் அனுப்பிக் கேட்டிருந்தார்.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து வாசலில் வரிசை. கண்டக்குழியில் ஒரு காலமும் அப்படி ஒரு வரிசை நின்றதில்லை, தேர்தலுக்குக்கூட. திருக்கை வந்தார், ஓரா வந்தார், இறால் தன் இரண்டு மகன்களோடு வந்தார். ஒவ்வொருவருக்கும் அந்தக் கடையில் ஒரு இடம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் செய்னுலாப்தீன் நானா சொன்ன ஒரு சொல் ஞாபகம் இருந்தது. அதைச் சொல்லி ஃபஹ்மியாவை அழ வைத்துவிட்டு, அவள் மூக்கைச் சிந்தும்போது விலையைக் கூட்டிக் கேட்டார்கள். அன்று பின்னேரம் படத்தில் பத்து அறுக்குளா இருந்தது. பத்தாவது அறுக்குளா யார் என்பதை அடக்கம் கருதி இங்கே சொல்லவில்லை.

கடைசியாக வந்தது ரம்ஸியா மாமி. கணவர் மௌத்தாகி ஏழு வருடம். வாங்கின் ஓரத்தில் பக்கவாட்டாக இருந்த நண்டுக்கு முன்னால் போய் நின்றார். ஃபஹ்மியா தூரிகையை எடுத்தாள்.

"இதையும் மாத்தோணுமா மாமி?"

"மாத்தாத மகள்!" ரம்ஸியா மாமி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "இது எங்கட மனிசன். வாங்கில நேரா இருக்க மாட்டார். இப்படித்தான், பாதி இருந்து பாதி எழும்பின மாதிரி. மஃரிப் தொழுதா 'செய்னுலாப்தீன்ட கடைக்குப் போறன்' என்டு வெளிக்கிடுவார். இஷாவுக்குப் பிறகுதான் வீடு. எத்தனை வருசம்! அந்த மனிசனை நான் ஒரு நாளும் அந்தக் கடையில இருந்து பாக்கல்ல. பொம்பிளைகள் போறதில்லியே. இப்ப உன்ட படத்திலதான் பாக்கிறன்."

"நண்டாவே இருக்கட்டுமா?"

"நண்டுதான் அவர். விலை போனாலென்ன, போகாட்டி என்ன."

ஆகவே நண்டு மட்டும் தப்பியது.

பின்னேரம் ஃபஹ்மியா கைத்தொலைபேசியில் படத்தைப் படம் பிடித்து அமானிக்கு அனுப்பினாள். அரை நிமிடத்தில் அழைப்பு வந்தது.

"ஃபஹ்மியா, இது என்ன?"

"கடைதான்."

"கடை எனக்குத் தெரியுது. இந்தப் பத்து மீனும் என்ன? ஒரே மீனைப் பத்துத் தரம் கீறி இருக்கிறீங்க. ஆமை எங்க? பேத்தை எங்க? முந்நூறு பேருக்கு அழைப்பிதழ் போயிட்டுது. எல்லாரும் அந்தப் பேத்தையைப் பாக்கத்தான் வாறாங்க."

"பேத்தைக்கு விருப்பமில்ல," என்றாள் ஃபஹ்மியா.

அமானி ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்:

"எனக்கு அழைப்பிதழ்ல இருக்கிற படம் வேணும். இல்லாட்டி பெரிய மண்டபத்தில நான் வேற ஆளைப் போடுவன். உங்கட படங்களைப் பழைய இடத்தில தொங்க விடுவம்."

பழைய இடம் என்றால் கழிப்பறை நடைபாதை. வாப்பாவின் கடையை அங்கே தொங்க விடுவதை நினைத்ததும் ஃபஹ்மியா ஒரு முடிவுக்கு வந்தாள். படம் அறுக்குளாக்களோடு லொறியில் ஏறட்டும். ஊரைத் தாண்டட்டும். சனிக்கிழமை காலையில் கலைக்கூடத்தில் வைத்தே எல்லாரையும் பழையபடி பேத்தையும் சூடையும் ஆமையுமாக்கிவிடலாம். மாலைக்குள் காய்ந்துவிடும். கண்டக்குழியிலிருந்து கொழும்புக்குப் படம் பார்க்க யார் வரப் போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு படத்தைப் பொலித்தீனிலும் மூன்று கம்பளிப் போர்வையிலும் சுற்றி ஏற்றினார்கள். அல்பிரட் வழக்கத்தைவிடக் கூட ஐஸ் போட்டார். "அறுக்குளா பழுதாகக் கூடாதே," என்றார். ஃபஹ்மியாவும் உம்மாவும் முன் ஆசனத்தில் ஏறினார்கள். லொறி புறப்படும்போது, வெளியே நின்ற ஹயாத்து முகம்மது யன்னலால் உள்ளே தலையை நீட்டினார்.

"நீங்க முன்னுக்குப் போங்க மகள். நாங்க எல்லாரும் விடிய வேன்ல வாறம்."

"எங்க மாமா?"

"கொழும்புக்குத்தான். எங்கட படம்தானே!"

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெறுமையான மண்டபத்தில், ஃபஹ்மியா நரை நிறச் சாயத்தைக் குழைத்து முதலாவது அறுக்குளாவின் கன்னத்தில் தூரிகையை வைத்த அதே நேரம் கதவு திறந்தது. போக்குவரத்து நெரிசலுக்குப் பயந்து சுபஹுக்கே வெளிக்கிட்டவர்கள், ஆறு மணிக்குத் தொடங்கும் கண்காட்சிக்குப் பத்து மணிக்கே வந்திருந்தார்கள். எல்லாரும் பெருநாள் உடுப்பு. ஜவ்பர் சேர் கோட் போட்டிருந்தார்.

"என்ன மகள், என்னை இன்னும் மினுக்கிறியா?" என்றார் ஹயாத்து முகம்மது.

"ஓம் மாமா," என்றாள் ஃபஹ்மியா. வேறு வழியில்லாமல் நரை நிறத்தை வைத்துவிட்டு வெள்ளி நிறத்தை எடுத்து மினுக்கினாள். ஒருவரை மினுக்கினால் மற்ற ஒன்பது பேர் சும்மா இருப்பார்களா? பகல் மூன்று மணிவரை மினுக்கினாள். பத்தும் கண் கூசும்படி இருந்தன. அமானி வந்து பார்த்தாள். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். சுவரை மாற்றுவதற்கு நேரமில்லை.

ஆறு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கையில் அழைப்பிதழ். அழைப்பிதழில் பேத்தை. சுவரில் அறுக்குளா. அட்டையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடி அட்டையைப் பார்த்தார்கள். ஹயாத்து முகம்மதுவும் யாரோ வைத்துவிட்டுப் போன அட்டையை எடுத்துப் பார்த்தார். கன்னம் ஊதத் தொடங்கியது.

"இது என்ன இது?"

ஃபஹ்மியா வாயைத் திறந்தாள். அமானி முந்திக்கொண்டாள்.

"அச்சுப்பிழை, அங்கிள்."

"மீன்லயுமா அச்சுப்பிழை வரும்?"

"இப்ப எல்லாத்திலயும் வருது."

பச்சைச் சேலை கட்டிய ஒரு டொக்டர் அம்மா படத்துக்கு மிக அருகில் போய்க் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "எல்லா மீனும் ஏன் ஒரே மாதிரி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டார்.

ஃபஹ்மியா கண்ணை மூடிக்கொண்டாள். வாப்பாவின் கடை நடைபாதைக்குப் போகும் நேரம் வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"எங்க ஒரே மாதிரி?" என்று ஹயாத்து முகம்மதுவின் குரல் கேட்டது. "நல்லா பாருங்க. இது நான். இது அல்பிரட். என்ட முழியையும் அவன்ட முழியையும் பாருங்க."

"அது நான் இல்ல, இதுதான் நான்," என்றார் அல்பிரட், வேறொரு மீனைக் காட்டி.

"அது நான்," என்றார் ஜவ்பர் சேர்.

"நீங்க எல்லாரும் மீன்களா?" என்று டொக்டர் அம்மா கேட்டார்.

"நாங்க அந்தக் கடையில இருந்த ஆக்கள், அம்மா."

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது. செய்னுலாப்தீனின் தேத்தண்ணி ஒன்றைக் குடித்துவிட்டுக் கண்டக்குழியிலிருந்து புத்தளம்வரை நடந்தே போய், களைப்புத் தெரியாததால் திரும்பியும் நடந்தே வந்ததை ஹயாத்து முகம்மது சொன்னார். ஒருநாள் தேத்தண்ணியை இழுத்த உயரத்தில், கோப்பைக்கும் கேத்தலுக்கும் நடுவே காகம் ஒன்று பறந்து போய், சிறகில் சீனி ஒட்டி மூன்று நாள் எறும்போடு திரிந்ததை அல்பிரட் சொன்னார். ஜவ்பர் சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கடையில் தான் பத்திரிகை வாசித்தால் றேடியோவையே நிற்பாட்டிவிடுவார்கள் என்றார். "கெட்ட செய்தி வாசிக்கிற நாளில் செய்னுலாப்தீன் ஒன்றும் சொல்ல மாட்டார். எல்லாருடைய கோப்பையிலும் ஒரு கரண்டி சீனி கூடப் போடுவார். அந்த வருடங்களில் நாங்கள் நிறையச் சீனி சாப்பிட்டோம்."

டொக்டர் அம்மா மூக்கைத் துடைத்தார். மற்றப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் வந்து கூடிவிட்டார்கள். ரம்ஸியா மாமி கிண்டி அனுப்பியிருந்த தொதல் இனிப்பை அல்பிரட் எல்லாருக்கும் பங்கிட்டார். எந்த மீன் யார் என்ற சண்டை தொடர்ந்து நடந்தது. சண்டை பிடிக்கப் பிடிக்க, கேட்டு நின்றவர்களுக்குப் பத்து மீனும் பத்து முகமாகத் தெரியத் தொடங்கின.

ஃபஹ்மியா ஹயாத்து முகம்மதுவின் பக்கத்தில் போய் நின்றாள். "மாமா, வாப்பா உங்களோடயெல்லாம் சிரிச்சுக் கதைப்பாரா?"

"சிரிப்பாரா? அவர் சிரிச்சா கண்ணாடி அலுமாரி அதிரும் மகள். பணிஸ் ஒண்டு ரெண்டு விழும்."

அவளுக்குக் கைகள் மட்டும்தான் இருந்தன. இப்போது கைகளுக்கு மேலே ஒரு சிரிப்பும், அதைச் சுற்றி ஒரு கடை நிறைய ஆட்களும் வந்துவிட்டார்கள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வாப்பாவின் கடையில் இடமில்லாமல் ஆட்கள் நின்றார்கள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

ஏழரை மணிக்கு டொக்டர் அம்மா படத்தை வாங்கினார். அமானி அதன் ஓரத்தில் சின்னச் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினாள்.

"என்ட மீனுக்குப் பக்கத்தில எதுக்கு மகள் பொட்டு?" என்றார் ஹயாத்து முகம்மது.

"படம் வித்துப் போச்சு, அங்கிள்."

"நல்ல விலையா?"

"இந்த மண்டபத்தில இதுவரைக்கும் போன விலையில இதுதான் கூட."

ஹயாத்து முகம்மது திரும்பி மற்ற ஒன்பது பேரையும் பார்த்தார். "நான் சொல்லல்லியா? பேத்தையை ஆரு வாங்குவா?"

கூட்டம் மெல்லக் கலைந்தது. சித்தி ஸுலைஹா ஒரு ஓரத்தில் பிரம்புக் கதிரையில் உட்கார்ந்து பெட்டிஸ் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அமானி களைத்துப்போய்ப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அருமையான கடை உம்மா! இவ்வளவு ஆக்கள் ஒவ்வொரு நாளும் வந்து போன கடையை என்னத்துக்குப் பூட்டினீங்க?"

சித்தி ஸுலைஹா கடைசித் துண்டை மென்று விழுங்கி, கையைத் துடைத்து, படத்துக்கு முன்னால் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்த பத்துப் பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இதில ஒரு ஆளாவது, ஒரு நாளாவது வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிருந்தா, நாங்க ஏன் மகள் பூட்டப் போறம்?"